கிளையும் மையமும், நடுவுல ஒரு ஒயரும்

போன மாசம் பாஸ்புக்கில் எண்ட்ரி போட பேங்குக்குப் போயிருந்தேன். முப்பத்தேழு வருஷம் நான் குப்பை கொட்டின அதே வங்கிதான், வேற கிளை. கவுண்டர் கண்ணாடியில் 'சர்வர் டவுன்' என்று எழுதின தாளை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். தாள் பழுப்பேறிக் கிடந்தது. அன்னிக்கு எழுதினது இல்லை, எடுத்து வெச்சு எடுத்து வெச்சு ஒட்டுறாங்க போல :-)

எனக்கு முன்னால் முதியோர் பென்ஷன் எடுக்க வந்த ஒரு பாட்டி. "ஏம்மா, பொட்டி உள்ளதானே இருக்கு? தொறந்து எடுத்துக் குடுத்தா என்ன?" என்று கேட்டாங்க. கவுண்டரில் இருந்த பொண்ணு ரொம்பப் பொறுமையா, "பணம் இங்கதான் பாட்டி இருக்கு. கணக்குதான் பாம்பேல இருக்கு" என்றாள்.

பாட்டிக்குப் புரியலை. எனக்கு நல்லாவே புரிஞ்சுது. கணக்கு இந்த ஊரிலிருந்து பம்பாய்க்குப் போன கதையில் எனக்கும் ஒரு சின்ன பங்கு உண்டு. கொசுவத்தி ஏத்தியாச்சு, பொறுத்துக்கோங்க.

1982ல் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்போ கணக்கு என்றால் லெட்ஜர். ரெண்டு கையால் தூக்க வேண்டிய பைண்டு புத்தகம், ஆளுக்கு ஒரு பக்கம். செக்கை நீட்டினால் பித்தளை டோக்கன் கொடுப்போம். லெட்ஜர் கிளார்க் பக்கத்தைத் திருப்பி பாக்கி பார்த்துக் கழிப்பார், ஆபீசர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து பாஸ் பண்ணுவார், கேஷியர் டோக்கன் நம்பரைக் கூவுவார். பத்து மணிக்குத் திறந்தால் ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவோம். "பேங்குக்காரனுக்கு நாலு மணி நேர வேலை" என்று ஊரே பேசும். சாத்தின கதவுக்கு உள்ளே டே புக், ஜெனரல் லெட்ஜர் எல்லாம் எழுதி டாலி பண்ணணும். பத்து பைசா இடிச்சால் ராத்திரி எட்டு மணி வரை வீட்டுக்குப் போக முடியாது. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி. சர்வர் டவுன் என்ற பேச்சே கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கு அந்தக் கிளைக்கு மட்டும்தான். கும்பகோணத்தில் கணக்கு வெச்சிருக்கிறவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூரில் போய் நின்றால், அதே வங்கியாக இருந்தாலும் அவர் யாரோ எவரோதான்.

ரெண்டு கிளைக்கு நடுவில் பணம் போகணும்னா டிமாண்ட் டிராஃப்ட், அதாவது டிடி. இன்னிக்கு யோசிச்சால் டிடி என்பது கம்ப்யூட்டரே இல்லாத ஒரு பரவல் கணினி முறை என்று தோணுது. சிரிக்காதீங்க. ஒவ்வொரு கிளையும் தனி மெஷின் மாதிரி, தனக்கென்று ஒரு டேட்டா. நடுவில் தகவல் கொண்டுபோறது தபால்காரர். இங்கே டிடி போட்டதும் 'இந்த நம்பர், இந்தத் தொகை' என்று அந்தக் கிளைக்கு ஒரு அட்வைஸ் தபாலில் போகும். அட்வைஸ் வர்றதுக்கு முன்னாடியே டிடியோட ஆள் வந்து நின்னா என்ன செய்வது? கையெழுத்தைச் சரிபார்த்துப் பணத்தைக் கொடுத்துட்டு 'எக்ஸ் அட்வைஸ்' என்று தனியாக எழுதி வைப்போம். பிறகு தலைமை அலுவலகத்தில் ஒரு படையே உட்கார்ந்து, இந்தக் கிளை போட்டதையும் அந்தக் கிளை கொடுத்ததையும் ஒண்ணோடு ஒண்ணு பொருத்தணும். பொருந்தாத எண்ட்ரிகள் மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தொங்கும். போலி டிடி போட்டவன் பிழைப்பே அந்த இடைவெளியில்தான்.

இதெல்லாம் நம்ம ஊர் அவலம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. 1950களில் அமெரிக்காவிலும் இதே பாடுதான், இதே மாதிரி மதியம் ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டு செக்குகளைப் பதிவு பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேங்க் ஆஃப் அமெரிக்கா, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்திடம் சொல்லி 'எர்மா' என்று ஒரு மெஷினைச் செய்ய வைத்தது. 1955ல் உலகத்துக்குக் காட்டினார்கள், 1959ல் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்து கொடுத்த மெஷின்கள் வேலையை ஆரம்பித்தன. கிளைகளின் கணக்கு வேலை கிளையை விட்டுக் கிளம்பி, மெஷின் இருக்கிற மையத்துக்குப் போனது. இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: எர்மா வருவதற்கு முன்னால் அங்கே கணக்குகளைப் பெயர் வரிசையில்தான் அடுக்கியிருந்தார்கள். மெஷினுக்குப் பெயர் ஒத்து வராது என்பதால்தான் கணக்கு எண்ணே வந்தது. (நம்ம செக்குகளின் அடியில் கோணல் மாணலாக அச்சடிச்சிருக்கே, அந்த எண்கள்கூட அந்த எர்மா காலத்து எழுத்துருதான்.) மெஷினுக்குப் பெயர் ஒத்து வராது என்ற இந்த விஷயத்தை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஏன் மையம்? மெஷின் விலை அப்படி. ஹெர்பர்ட் க்ரோஷ் என்பவர் அந்தக் காலத்தில் ஒரு கணக்குச் சொன்னார்: ரெண்டு மடங்கு காசு கொடுத்து மெஷின் வாங்கினால் நாலு மடங்கு வேலை நடக்கும். பத்து சின்ன மெஷின் வாங்குகிறவன் முட்டாள், ஒரு பெரிய மெஷின் வாங்குகிறவன் புத்திசாலி. ரொம்ப காலம் இது செல்லுபடியாச்சு. அப்புறம் மைக்ரோபிராசசர் வந்து, 1981ல் ஐபிஎம் பிசியும் வந்து, கணக்கு தலைகீழாப் போச்சு. சின்னதுதான் மலிவு. உலகம் பூரா கணினி மையத்திலிருந்து மேஜைக்கு இறங்கியது.

இங்கே இந்தியாவில் கதை வேற மாதிரி. நம்ம வங்கிகள் மெஷின் விலையைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. ரெண்டு விஷயம்தான் முடிவு பண்ணியது. ஒண்ணு யூனியன். இன்னொண்ணு டெலிபோன் ஒயர்.

கம்ப்யூட்டர் என்றாலே வேலை போயிடும் என்ற பயம் சும்மா வந்தது இல்லை. 1960களிலேயே கல்கத்தாவில் எல்ஐசி கம்ப்யூட்டர் வைக்கப் போன இலாகோ ஹவுஸ் கட்டடத்தை ஊழியர்கள் ராப்பகலா காவல் காத்து, மெஷினை உள்ளே விடாமல் செய்தார்கள். வங்கிகளில் 1983 செப்டம்பரில்தான் இந்திய வங்கிகள் சங்கமும் யூனியன்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். எந்த மாதிரி மெஷின், எங்கே, எத்தனை என்பதெல்லாம் பேசித் தீர்த்தது. அடுத்த வருஷம் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தது. (சி. ரங்கராஜன், அப்போ ரிசர்வ் வங்கி துணை கவர்னர், நம்ம அரியலூர்க்காரர்.) கிளையில் தனியாக நிற்கிற லெட்ஜர் போஸ்டிங் மெஷின், வட்டார அலுவலகத்தில் மினி கம்ப்யூட்டர், தலைமை அலுவலகத்தில் மெயின்ஃப்ரேம் என்று மூணு அடுக்கு.

அந்தக் கிளை மெஷினுக்கு வெச்ச பேரைக் கேளுங்க: 'அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'. சுருக்கமா ஏஎல்பிஎம். திரை, கீபோர்டு, ஃப்ளாப்பி எல்லாம் இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் என்று மட்டும் சொல்லக்கூடாது :-) எங்க கிளை யூனியன் செயலாளர் அதை 'அந்த டைப்ரைட்டர்' என்றே கடைசி வரை சொன்னார். எனக்கு ஏஎல்பிஎம் ஆபரேட்டர் ஸ்பெஷல் அலவன்ஸ் வந்தது. வீட்டில் மரியாதை கூடியது.

யூனியனைக் குறை சொல்றதுக்காக இதை எழுதலை. நானும் சந்தா கட்டின ஆள்தான், ஸ்ட்ரைக்கில் கூலி இழந்தவன்தான். அப்போது மையமாக்குவது என்று யாராவது நினைத்திருந்தாலும் நடந்திருக்காது. கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் பேச ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டுச் சாப்பிட்டு வரலாம். அந்த லைனை நம்பி எவன் கணக்கை வெளியூரில் வைப்பான்? ஒப்பந்தத்தில் இருந்த பயமும் டெலிபோனில் இருந்த கரகரப்பும் ஒரே பக்கம் இழுத்தன. கணக்கு கிளையிலேயே தங்கியது.

1993ல் இன்னொரு ஒப்பந்தம். அதன்பிறகு கிளை முழுக்க கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது, டோட்டல் பிராஞ்ச் ஆட்டோமேஷன். ஒரு மூலையில் ஏசி போட்ட கண்ணாடிக் கூண்டு, அதில் யூனிக்ஸ் சர்வர், கவுண்டருக்குக் கவுண்டர் டெர்மினல். செருப்பைக் கழட்டிவிட்டுத்தான் கூண்டுக்குள் போகணும், கருவறை மாதிரி. நான்தான் அர்ச்சகர். காலையில் 'டே பிகின்', சாயங்காலம் 'டே எண்ட்', பிறகு பேக்கப். கார்ட்ரிட்ஜை டிபன் பையில் போட்டு பக்கத்து ஊர்க் கிளையில் கொண்டு போய் வைப்பேன். ஒரு கிளையின் மொத்தச் சொத்துக் கணக்கும் மோர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போகும்.

அந்தக் காலம்தான் எனக்குப் பிடிச்ச காலம், ஒத்துக்கிறேன். எதுவானாலும் கிளையிலேயே தீரும். ஆனால் வங்கி என்ற பெரிய உடம்புக்கு அது நரகம். வட்டி விகிதம் மாறினால் சர்க்குலர் வரும், ஒவ்வொரு கிளையிலும் ஒரு ஆபீசர் அதை சிஸ்டத்தில் மாத்தணும். ஒருத்தர் அன்னிக்கே மாத்துவார், ஒருத்தர் லீவு முடிஞ்சு வந்து மாத்துவார், ஒருத்தர் தசமப் புள்ளியை இடம் மாத்தி வைப்பார். சாஃப்ட்வேரில் திருத்தம் என்றால் கூரியரில் ஃப்ளாப்பி வரும். நம்ம கிளையில் ஒரு வெர்ஷன், பக்கத்துக் கிளையில் முந்தின வெர்ஷன். ஒய்2கே வந்தபோது இந்த வேலையை ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாகச் செய்தோம். இவ்வளவு கம்ப்யூட்டர் வந்தும் கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூரில் அதே யாரோ எவரோதான். டிடி அட்வைஸ் இன்னும் தபாலில்தான் போய்க்கொண்டிருந்தது.

1992ல் ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்தபோதே, பேப்பரும் பேப்பரும் பொருந்துவதற்குள் இருக்கிற இடைவெளியில் எவ்வளவு பெரிய யானை நுழைய முடியும் என்று ஊருக்கே தெரிஞ்சு போச்சு. 1998ல் மத்திய விஜிலன்ஸ் கமிஷனராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரி 1க்குள் வங்கித் தொழிலில் எழுபது சதவீதம் கம்ப்யூட்டருக்குள் வந்தாகணும் என்று ஓர் உத்தரவு போட்டார். ஊழலைத் துரத்துகிற ஆபீஸிலிருந்து கம்ப்யூட்டர் போடச் சொல்லி உத்தரவு! அப்போ எங்களுக்கு அது வேடிக்கையா இருந்தது. பொருந்தாத எண்ட்ரிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு இப்போ வேடிக்கையா தெரியலை.

அதே நேரத்தில் ஒயரும் வந்தது. ரிசர்வ் வங்கி ஆரம்பித்த ஹைதராபாத் ஐடிஆர்பிடி, 1999ல் வங்கிகளுக்கென்று இன்ஃபினெட் என்ற வலையமைப்பைக் கொண்டுவந்தது. மொட்டைமாடியில் விசாட் குடை வந்து உட்கார்ந்தது. லீஸ்டு லைனும் கிடைக்க ஆரம்பித்தது. 1994-95ல் பிறந்த ஐசிஐசிஐ, ஹெச்டிஎஃப்சி மாதிரி புது வங்கிகளுக்குப் பழைய லெட்ஜர் சுமையே இல்லை, அவர்கள் வேகமாக ஓடினார்கள். ஸ்டேட் பேங்க் 2002ல் டிசிஎஸ்ஸிடம் வேலையைக் கொடுத்து, சிட்னியிலிருந்த ஒரு கம்பெனியின் மென்பொருளை வைத்து, 2008ல் எல்லாக் கிளைகளையும் ஒரே கோர் பேங்கிங்கில் கொண்டுவந்து முடித்தது. ஆயிரக்கணக்கான கிளைகள்! வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரு செய்தி. கிளைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது கல்யாணமும் கருமாதியும் ஒரே நாளில் வந்த மாதிரி.

எங்க கிளை 2005ல் மாறியது. ஒரு சனிக்கிழமை ராத்திரி. கிளை சர்வரில் இருந்த டேட்டாவை எடுத்து, சுத்தம் பண்ணி, மையத்துக்கு அனுப்பணும். திங்கட்கிழமை காலையில் கணக்கு பம்பாயில் முழிக்கும். மூணு மாசமா சுத்தம் பண்ணினோம். பழைய நாளில் பெயரோடு தொழிலையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் உண்டு. எங்க கிளையில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் ரெண்டு பேர். ஒருத்தர் பால்காரர், மாட்டு லோன் வாங்கியவர். இன்னொருத்தர் டெய்லர், சேமிப்புக் கணக்கு மட்டும். லெட்ஜரில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் 'பால்', 'டெய்லர்' என்று எழுதியிருக்கும். அந்தப் பென்சில் எழுத்துக்கு சிஸ்டத்தில் கட்டம் கிடையாது. ஒரே பெயர், ஒரே தெரு, ரெண்டு பேருக்கும் பிறந்த தேதி கட்டம் காலி. மையம் ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி ஒரே கஸ்டமர் ஐடி கொடுத்துவிட்டது. சரிபார்த்த பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பக்கத்தில் என் கண்ணில் அது படலை.

மாசக் கடைசியில் பால்காரரின் லோன் தவணை, 'அதே ஆளின்' சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டது. ரெண்டாயிரத்து நானூறு ரூபாய். டெய்லர் மகளுக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வெச்சிருந்த பணம். மறுநாள் பணம் எடுக்க வந்தவர் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "சார், நான் எப்ப சார் மாடு வாங்கினேன்?" என்றார்.

ஆறு மாசத்துக்கு முன்னால் என்றால் மேனேஜர் ஒரு ரிவர்சல் வவுச்சர் எழுதச் சொல்லி, நான் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டு, டீ ஆறுவதற்குள் முடிஞ்சிருக்கும். இப்போ ஐடியைப் பிரிக்கணும், லோனில் வரவு வைத்ததைத் திருப்பணும், ரெண்டுக்கும் கிளையில் அதிகாரம் கிடையாது. மையத்துக்கு எழுதினோம். ஒரு டிக்கெட் நம்பர் வந்தது. ஃபோன் பண்ணினால், "சார், கிளை அனுப்பின டேட்டாதான் சார்" என்று ஒரு குரல். உண்மைதான், என்ன பதில் சொல்ல? பத்தொன்பது நாள் ஆச்சு. நடுவில் நான் கைக்காசைக் கொடுத்தேன். டெய்லர் வாங்கலை. "என் பணம் பேங்க்ல இருக்கு சார், உங்க பணம் எனக்கு எதுக்கு?" என்றார். ஃபீஸ் கட்ட வட்டிக்கு வாங்கினார் என்று பிறகுதான் தெரிஞ்சது.

மையம் என்றால் எல்லாரும் டேட்டா இடம் மாறுவதைத்தான் பேசுகிறார்கள். டேட்டாவோடு சேர்ந்து தப்பைத் திருத்துகிற உரிமையும் பஸ் ஏறிப் போயிடுது. அது போன பிறகு கவுண்டரில் இருக்கிறவனுக்கு மிச்சம் இருப்பது மன்னிப்புக் கேட்கிற வேலை மட்டும்தான். அதுக்காக பழைய முறை வேணும்னு நான் கொடி பிடிக்கலை. அந்த ரிவர்சல் வவுச்சரை வைத்தே எத்தனை மேனேஜர்கள் என்னென்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். டீ ஆறுவதற்குள் நல்லது நடக்கிற இடத்தில் கெட்டதும் டீ ஆறுவதற்குள் நடக்கும். 2004ல் ஆர்டிஜிஎஸ், 2005ல் நெஃப்ட் வந்தது, கிளைகள் மையத்தில் சேரச் சேரத்தான் அதுகளுக்கு உயிர் வந்தது. எக்ஸ் அட்வைஸ் பதிவேட்டை கட்டிப் பரணில் போட்ட நாளில் நான் ஒரு துளி கண்ணீர் விடலை.

பரணில் போட்டது வேற வேஷத்தில் திரும்பி வந்ததுதான் எனக்குச் சிரிப்பு. 2016ல் யுபிஐ வந்ததா? உங்க வங்கி ஒரு மையம், கடைக்காரர் வங்கி இன்னொரு மையம், நடுவில் என்பிசிஐ. ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ளே மையம்தான், ஆனால் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கொள்வது அதே டிடி மாதிரி தகவல் அனுப்பித்தான். 'உங்க கணக்கில் கழிஞ்சுது, அவருக்குப் போய்ச் சேரலை' என்று வருதே, அது எங்க எக்ஸ் அட்வைஸுக்குத் தம்பி. தபால்காரர் தாமதம் இப்போ செகண்டில், அவ்வளவுதான். பொருந்தாத எண்ட்ரி இப்பவும் இருக்கு, அதனால்தான் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, ஆளுக்கு ஆள் அனுப்பின பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்பணும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் கொடு என்று விதி போட்டது. பத்தொன்பது நாளைக்கு எவ்வளவு என்று நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.

2024 ஜூலை கடைசியில் இன்னொண்ணு நடந்தது. சின்னச் சின்ன கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகளுக்குச் சொந்தமாக மையம் கட்ட வசதி ஏது? சி-எட்ஜ் என்ற ஒரே கம்பெனியின் சேவையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே ரான்சம்வேர் புகுந்தது. தொற்று பரவக் கூடாதென்று என்பிசிஐ அதைத் தனியே வெட்டி வைத்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட முந்நூறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ, ஏடிஎம் கிடையாது. மறுநாள் சரியாச்சு. ஏஎல்பிஎம் காலத்தில் ஒரு ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடிச்சால் ஒரு கிளைதான் அழும்.

பாட்டிக்கு அன்னிக்கு மூணே முக்காலுக்கு சர்வர் வந்தது. விரல் ரேகை ரெண்டு தடவை ஒத்துக்கலை, மூணாவது தடவை ஒத்துக்கிச்சு. பணத்தை எண்ணி முந்தானையில் முடிஞ்சுக்கிட்டுப் போனாங்க.

டெய்லர் இன்னும் கடை வெச்சிருக்கார். எனக்கு பேண்ட் அவர்தான் தைக்கிறார். மகள் பாலிடெக்னிக் முடிச்சு இப்போ திருப்பூரில் வேலை. அந்தப் பழைய பாஸ்புக்கை மெஷின் டிராயரில் சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் வெச்சிருக்கார். நான் போகிறபோதெல்லாம் அதை எடுத்துக் காட்டி, "சார், உங்க மாடு எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

கூலியை மட்டும் ஒரு ரூபாய்கூட குறைக்க மாட்டார்.